கணக்கு நோட்டு யார் கையில்?

(கொங்கு வட்டார நூல்கள் குறித்துக் கோவையில் நடந்த விமர்சனக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொங்கு மண்ணிலிருந்து வந்த நூல்களைப் பற்றியும், அவற்றை வெளியிடுகிற சிறு பதிப்பகங்களைப் பற்றியும் பேச வேண்டுமென்று கேட்டார்கள். நான் விமர்சகன் கிடையாது. இலக்கியக் கோட்பாடெல்லாம் முறையாகப் படித்தவனும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க தாத்தா பண்ணயத்தாள். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா அவர் பேர் ஒரு நோட்டுல எழுதியிருந்தது. பண்ணாடி வீட்டு ஆசாரத்தில், மரப்பெட்டிக்குள் வைத்திருந்த பற்றுவரவு நோட்டு. கம்பு இத்தனை வள்ளம், பொங்கலுக்கு வேட்டி ஒண்ணு, மகன் கல்யாணத்துக்கு ரொக்கம் இவ்வளவு என்று அதில் எழுதி வைப்பார்கள். வருசம் திரும்பும்போது கணக்குப் பார்ப்பார்கள். "இன்னும் நாப்பது ரூவா பாக்கி நிக்குதுடா" என்று பண்ணாடி படித்தால் நாற்பது ரூபாய் பாக்கி. "சரிங்க சாமி" என்று கும்பிடு போட்டுவிட்டுத் தாத்தா அடுத்த வருசமும் அதே காட்டில் நிற்பார். கூட்டிப் பார்க்கவோ கழித்துப் பார்க்கவோ எங்கள் வளவில் ஒருத்தருக்கும் தெரியாது. வாசலுக்கு வெளியே நிற்கிறவன் ஆசாரத்துக்குள் இருக்கிற நோட்டை எப்படிப் பார்க்க முடியும்?

எங்கள் சனங்களின் பேர் முதன்முதலாக எழுதப்பட்ட புத்தகம் அதுதான். 1976ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமைக் கடன்கள் செல்லாது என்று சொன்னது. சட்டப்படி அந்த நோட்டுகளெல்லாம் அன்றைக்கே செத்திருக்க வேண்டும். எங்க ஊரில் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் உயிரோடு இருந்தன.

கொங்கு நூல்களை வாசிக்கிறபோது எனக்கு முதலில் வருகிற கேள்வி இதனால்தான் அழகியல் கேள்வியாக இருப்பதில்லை. இந்தக் கதையில் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது? யார் படிக்கிறார்கள்? யார் வெளியே நின்று கேட்கிறார்கள்? சில நூல்களை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942ல் வந்தது. தமிழில் வட்டார நாவலின் தொடக்கம் என்று இதைச் சொல்கிறார்கள். மரியாதைக்குரிய நூல்தான். ஒரு விதவைப் பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள் என்பதை அந்தக் காலத்தில் நாவலாக்குவது சின்ன காரியமல்ல. பெண் சொத்துக் கேட்டால் குடும்பம் என்ன பாடுபடுத்தும் என்பதை மறைக்காமல் சொல்கிற கதை. ஆனால் பங்கு கேட்கிறதும் கொடுக்க மறுக்கிறதும் ஒரே குடும்பத்துக்குள். அந்தப் பூமியை உழுத ஆளுக்கு என்ன பங்கு என்பது அந்த நாவலின் கேள்வி அல்ல. சண்முகசுந்தரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வட்டார இலக்கியத்தின் முதல் கல்லை எந்த இடத்தில் நட்டார்கள் என்பதைக் காட்டுவதற்காகச் சொல்கிறேன். 'வட்டாரம்' என்றாலே காடு வைத்திருக்கிறவர்களின் வட்டாரம் என்று அன்றைக்கே ஆகிப்போனது.

மொழியையும் இதே மாதிரி பார்க்கணும். கொங்குத் தமிழ், கொங்குத் தமிழ் என்று கொண்டாடுகிறோம். அச்சில் வருகிற கொங்குத் தமிழ் பெரும்பாலும் ஆசாரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் தமிழ். எங்கள் அருந்ததியர் வளவுகளில் பல இடங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். சில இடங்களில் கன்னடம். வீதிக்கு வந்தால் தமிழ். பண்ணாடி முன்னால் நின்றால் அந்தத் தமிழும் "ஆமாங்க சாமி", "சரிங்க சாமி" என்று இரண்டு வார்த்தைக்குச் சுருங்கிப் போகும். கதைகளில் எங்கள் ஆள் அந்த இரண்டு வார்த்தையைத்தான் பேசுகிறான். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் என்ன பேசினான், எந்த மொழியில் பேசினான் என்பது பதிவாகவே இல்லை.

இன்னொரு விசயமும் இருக்கிறது. கொங்கு பெரும்பாலும் கிணற்றுப் பாசன பூமி. மோட்டார் வருவதற்கு முன்னால் கவலை ஏற்றம். அந்த ஏற்றத்துக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் எங்கள் பாட்டன்மார்கள். தோல் இல்லையென்றால் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. பிறகு காட்டுக்குக் காடு மோட்டார் வந்தது. கோவையில் மில்லுக்கு மேல் மில்லாகப் பெருகின. அதைத் தொழில் வளர்ச்சியின் கதையாக எல்லாரும் எழுதினார்கள். தோல் வேலை போனவன் என்ன ஆனான் என்ற கதை எங்கே?

அடுத்தது பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000ல் வந்தது. வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் போயிருக்கிறது. பண்ணயத்துக்கு விடப்பட்ட அருந்ததியச் சிறுவன் கூளையன். அவனோடு ஆடு மேய்க்கிற நெடும்பன், வவுறி, செவிடி. இவர்களைத் தவிர பண்ணாடி மகன் செல்வன். ஆடு மேய்க்கிற சிறுவர்களை நடுவில் நிறுத்தி ஒரு முழு நாவல் எழுதப்பட்டது என்பதே பெரிய விசயம். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்த இடங்கள் உண்டு. தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடுகிற இடத்தை நான் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த நாள்தான் எடுத்தேன்.

இந்த நாவலில் கணக்கு நோட்டு தெரிகிறது. பையனை அப்பன் வருசக் கூலிக்கு விடுகிறான். கூலி அப்பன் கைக்குப் போகிறது. பையனுக்குக் கிடைப்பது கஞ்சி. செல்வனும் கூளையனும் சேர்ந்து விளையாடுகிறார்கள், சேர்ந்து தூங்குகிறார்கள். ஆனால் ஒருத்தன் முதலாளி, ஒருத்தன் ஆள் என்பது அந்த விளையாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சாதி என்பது அடிக்கிறபோது மட்டும் வருவதில்லை, சேர்ந்து சிரிக்கிறபோதும் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை இந்த நாவல் போலச் சொன்ன தமிழ் எழுத்து எனக்கு அதிகம் தெரியாது.

ஆசிரியர் கவுண்டர் சமூகத்தில் பிறந்தவர். "தலித் அல்லாதவர் எழுதியதைத் தலித் இலக்கியமாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு தோழர் வரும்போதே கேட்டார். தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளெல்லாம் சண்டை போட்ட கேள்வி இது. என் பதில் சுருக்கமானது. கூளமாதாரி நல்ல நாவல். நம் ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் வாசிக்க வேண்டிய நாவல். ஆனால் அது நம்முடைய கணக்கு நோட்டு அல்ல. ஆசாரத்துக்குள் வளர்ந்த ஒருத்தர் மனசாட்சியோடு அந்த நோட்டை வெளியே கொண்டுவந்து நமக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அதற்கு நன்றி சொல்லலாம். நாவலின் பெரும்பகுதி மேய்ச்சல் காட்டில் நடக்கிறது. பையனைப் பண்ணயத்துக்கு விட்டுவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி அவன் அம்மா சோறு தின்றாளா? அதை வளவுக்குள்ளிருந்துதான் எழுத முடியும்.

அதே ஆசிரியரின் 'பூக்குழி' 2013ல் வந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்த சரோஜா, குமரேசன் கதை. தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட நாவல். இதில் அந்தப் பெண் என்ன சாதி என்று கடைசிவரை சொல்லவில்லை. ஊரே அவளைத் துருவித் துருவிக் கேட்கிறது, வாசகனுக்கும் சொல்லவில்லை. இது பலமா பலவீனமா? எந்தச் சாதியாக இருந்தாலும் இவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று காட்டுவது பலம். ஆனால் 2015ல் கோகுல்ராஜும் 2016ல் உடுமலை சங்கரும் வெட்டிக் கொல்லப்பட்ட இந்த மண்ணில், கொலை செய்கிறவன் சாதி பார்த்துத்தான் கொல்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிற பெயர் புத்தகத்தில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் வைத்துப் பார்க்கணும். 'மாதொருபாகன்' 2010ல் வந்த நாவல். நான்கு வருசம் கழித்து அதற்கு எதிராகக் கிளம்பினார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகுதான் திரும்ப எழுத வந்தார். ஆசாரத்துக்குள் பிறந்தவருக்கே இந்தக் கதி. வாசலுக்கு வெளியே பிறந்தவன் எழுதினால் என்ன ஆகும் என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு இருப்பது நியாயம்தான். அந்தப் பயத்தைப் பேசாமல் "எழுதுங்கள், எழுதுங்கள்" என்று மேடையில் சொல்வது ஏமாற்று வேலை.

இனி பதிப்பகங்களுக்கு வருகிறேன். வால்பாறை மலையில் டாக்டராக வேலை பார்த்தவர் பி.எச். டேனியல். தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். 1969ல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் கிடந்த தலித் மக்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டி வந்த கதை. கருப்பன், வள்ளி என்ற புருசன் பெண்டாட்டியின் கதை. முன்பணம் வாங்கினால் தீர்ந்தது. குளிருக்குக் கம்பளி வாங்கினால் கடன், அரிசி வாங்கினால் கடன், காய்ச்சலில் படுத்தால் அதுவும் கடன். கடன் தீராமல் மலையை விட்டு இறங்க முடியாது. கங்காணி கையில் இருந்ததும் பண்ணாடி கையில் இருந்ததும் ஒரே நோட்டுத்தான், அட்டைதான் வேற என்று எனக்குத் தோன்றியது.

யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் படிக்க முடியாத மொழியில் அந்த நாவல் முப்பத்தெட்டு வருசம் கிடந்தது. 2007ல் இரா. முருகவேள் மொழிபெயர்த்து 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. போட்டது கோவை விடியல் பதிப்பகம். 2013ல் இதை அடியொற்றி 'பரதேசி' என்று சினிமா வந்தபோது ஊரெல்லாம் பேசியது. சினிமாவுக்கு ஆறு வருசம் முன்னால் அதைத் தமிழில் அச்சாக்கிக் கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டுபோனது ஒரு சிறு பதிப்பகம். எஸ்.வி. ராஜதுரையும் வ. கீதாவும் எழுதிய 'பெரியார்: சுயமரியாதை சமதர்மம்' 1996ல் வந்ததும் விடியலில்தான். அவ்வளவு பெரிய புத்தகத்தை லாபக் கணக்குப் பார்க்கிற எவரும் அன்றைக்குத் தொட்டிருக்க மாட்டார்கள். விடியல் சிவா 2012ல் மறைந்தார். பொள்ளாச்சியில் எதிர் வெளியீடு இருக்கிறது. பழங்குடி மக்கள் அதிரடிப்படையிடம் பட்ட சித்திரவதையைச் சொல்கிற ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' இன்றைக்கு அந்த வெளியீட்டில் கிடைக்கிறது. சிறு பதிப்பகம் என்றால் சின்ன காரியம் செய்கிறவர்கள் என்று நினைக்காதீர்கள். கணக்கு நோட்டை ஆசாரத்திலிருந்து வெளியே இழுத்துப் போடுகிற வேலை இது.

2020ல் வந்த தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலையும் சொல்லணும். 2023ல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. குடிநாவிதர் குடும்பங்களின் கதை. காரு மாமாவின் சாவைச் சுற்றி உறவெல்லாம் கூடுகிறது. அழுகையும் பழைய சண்டையும் ஒன்றாகக் கிளம்புகின்றன. அவர்கள் பட்டியல் சாதி இல்லை, மிகவும் பிற்படுத்தப்பட்டவர்கள். ஆனாலும் அவர்களும் வருசத் தானியத்துக்குக் காத்து நின்றவர்கள்தான். கவுண்டர் கல்யாணத்தில் நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடாமல் கல்யாணம் நிறைவேறாது. வாழ்த்துகிற வாய் வேண்டும், வாழ்த்துகிறவன் உட்கார இடம் கிடையாது! அந்தச் சனத்துக்குள்ளிருந்தே கதை சொல்லப்படுவதால் இதில் பரிதாபம் இல்லை. மாமா, அத்தை, அவர்கள் கோபம், அவர்கள் சிரிப்பு, சமையல் என்று ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. பண்ணாடிகள் ஓரத்தில் நிற்கிறார்கள். நம்முடைய நாவல் எந்தப் பக்கமிருந்து எழுதப்பட வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

உள்ளிருந்து எழுதினால் போதுமா, அச்சடிக்கிறவர் யார் என்பது முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான். அதற்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பவம் சொல்கிறேன். அங்கே நடுவில் கிடக்கிற புல்வெளிப் பிரதேசத்தில், கோதுமை விளைகிற சமவெளியில், மெத்தீ என்று ஒரு மக்கள். பூர்வகுடிகளுக்கும் வெள்ளையருக்கும் பிறந்த வழி வந்தவர்கள். 1885ல் எழுந்து நின்று சண்டை போட்டுத் தோற்றார்கள். நிலம் போயிற்று. ரோட்டுக்காக அரசாங்கம் ஒதுக்கி வைத்த ஓரப் பூமியில் குடிசை போட்டார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் புறம்போக்கு. அந்தப் புறம்போக்கில் வளர்ந்த மரியா கேம்பல் என்ற பெண் தன் வாழ்க்கையை 'ஹாஃப்பிரீட்' என்ற பேரில் எழுதினார். அவர்களை ஏசுகிற சொல் அது. அதையே தலைப்பாக வைத்தார். 1973ல் டொராண்டோவின் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. ஆனால் சிறுமியாக இருந்தபோது ஒரு போலீஸ்காரன் தன்னைப் பலாத்காரம் செய்ததை அவர் எழுதிய பக்கங்களைப் பதிப்பகம் நீக்கிவிட்டது. அந்தப் பக்கங்கள் 2018ல்தான் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. 2019ல் முழுப் புத்தகம் வந்தது. நாற்பத்தாறு வருசம்! அவர் பொய் சொல்லவில்லை, பயப்படவும் இல்லை. எழுதிக் கொடுத்தார். கத்தரிக்கோல் வேறொருத்தர் கையில் இருந்தது. 1980ல் அந்தச் சனங்களின் அமைப்பே வின்னிபெக் நகரில் 'பெமிக்கன்' என்று சொந்தமாக ஒரு பதிப்பகம் தொடங்கியது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

நமக்கும் அதுதான் கேள்வி. நம்மிடம் எழுத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அருந்ததியரிடமிருந்து ம. மதிவண்ணன் வந்தார். 'நெரிந்து', 'நமக்கிடையிலான தொலைவு' தொகுப்புகளை வாசித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோபம் இரவல் கோபம் அல்ல. சக தலித் தோழர்களையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற குரல் அது. நமக்குள்ளேயே தொலைவு இருக்கிறது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஆனால் ஒரு கையால் ஓசை வராது தோழர்களே. 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதற்குப் பிறகு தெற்கிலும் வடக்கிலும் தன்வரலாறு, நாவல், சிறுகதை என்று தலித் எழுத்து பெருகியது. கொங்கு வளவுகளிலிருந்து வந்தது அந்த அளவுக்கு இல்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் தெளிவாக இருக்கிறது. எழுத்து எங்கள் வீட்டுக்குள் வந்ததே நேற்றைக்குத்தான்.

2009ல் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இடையில் பதினைந்து வருசத்தில் எத்தனையோ வளவுகளிலிருந்து முதல் பட்டதாரி வந்திருக்கிறார்கள். இந்த அரங்கிலேயே பின்வரிசையில் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தாத்தாவால் படிக்க முடியாத நோட்டை உங்களால் படிக்க முடியும். நான் உங்களிடம் கேட்கிறது அதை மட்டும்தான்.

2019 டிசம்பர் 2, விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூர். மழையில் சுவர் இடிந்து விழுந்து 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் நம் சனங்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அது வெறும் மழைக்கு விழுந்த சுவரா, தீண்டாமைக்கு எழுப்பிய சுவரா என்று அன்றைக்குக் கேள்வி எழுந்தது. கேட்டுப் போராடியவர்கள் தடியடி பட்டார்கள். பத்திரிகையில் நான்கு நாள் செய்தி வந்தது. அதற்குப் பிறகு? அந்த வீடுகளில் யார் யார் இருந்தார்கள், என்ன வேலைக்குப் போனார்கள், அன்றைக்கு முந்தின ராத்திரி என்ன சோறு ஆக்கினார்கள் என்பதை அந்த வீதிக்காரர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டாமா? நாம் எழுதாவிட்டால் அந்தச் சாவு ஒரு அரசாங்கக் கோப்பில் நிவாரணத் தொகையாக மட்டும் மிஞ்சும். அதுவும் ஒரு பற்றுவரவு நோட்டுத்தான்.

நாவல்தான் எழுத வேண்டும் என்று இல்லை. உங்க அப்பிச்சியையும் அமுச்சியையும் உட்கார வைத்து, எந்தக் காட்டில் வேலை, எத்தனை வள்ளம் கூலி, எதற்குக் கடன் வாங்கினார்கள், எப்போது தீர்ந்தது என்று கேளுங்கள். அவர்கள் தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே, தமிழ் எழுத்தில் எழுதுங்கள். மில்லில் சுமங்கலித் திட்டம் என்று கொண்டுபோய் விட்ட அக்காவைக் கேளுங்கள். முடிவில் தருகிறோம் என்ற மொத்தப் பணம் வந்ததா என்று. துப்புரவு வேலைக்குப் போகிற அம்மாவின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் எவ்வளவு பிடித்தார் என்று. பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு சிறு நூல். முன்பெல்லாம் ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்துவிட்டு நூலக ஆணைக்குக் காத்துக் கிடக்கணும். இப்போது ஐம்பது பிரதிகூட அச்சடிக்கலாம். விற்ற காசில் அடுத்த ஐம்பது. ஆனால் ஒரு நிபந்தனை. யார் சொன்னார்களோ அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டணும். "இது இப்படி இல்லை சாமி, மாத்து" என்று அவர்கள் சொன்னால் மாற்றணும். அவர்கள் சரி என்ற பிறகுதான் அச்சு. அது இல்லையென்றால் நாமும் ஆசாரத்தில் உட்கார்ந்து கணக்குப் படிக்கிறவர்களாக ஆகிவிடுவோம்.

எங்க தாத்தாவுக்கு உண்மையில் எவ்வளவு பாக்கி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நோட்டு கரையான் அரித்துப் போனதாகச் சொன்னார்கள். அவர் பட்ட கடன் கரையான் தின்னுகிற வரைக்கும் நின்றது. அவர் செய்த வேலைக்கு ஒரு வரி எழுத்து இல்லை. அந்த ஒரு வரியை நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் வீட்டு வரியை நீங்கள் எழுதுங்கள்.

ஜெய்பீம்.